பாதிக் கேள்விக்கு இருபது புள்ளிகள்

1

இந்தக் கதை ஒரு மாத்திரை விளம்பரத்தின் எதிர்ப்பக்கத்தில் பிறந்தது. நலவாழ்வு மாத இதழ் ஒன்றின் ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். அடுத்த இதழில் இடதுபக்கம் முழுக்க ஞாபகசக்தி மாத்திரை விளம்பரம் வருகிறதாம். வலதுபக்கத்துக்குப் பொருத்தமாக ஏதாவது வேண்டுமாம்.

“துணுக்குத் தகவல், வினாடி வினா இதெல்லாம் மூளைக்கு எவ்வளவு நல்லதுன்னு ஒரு கதை பண்ணிக் குடுங்க சார். கட்டுரைன்னா யாரும் படிக்க மாட்டேங்கறாங்க. கதைக்குள்ள பயன் எல்லாம் தன்னால வந்துடணும்.”

“என்னென்ன பயன் மேடம்?”

“ஞாபகசக்தி, பொறுமை, குடும்ப ஒற்றுமை, மன அமைதி. நாலு போதும்.”

“இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா?”

“பல ஆய்வுகள் சொல்லுதுன்னு போட்டுக்குங்க.”

எந்த ஆய்வு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு எழுத்தாளரைக் கூப்பிட்டிருப்பார். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான், எனக்கு வினாடி வினா ஆட்களைக் கண்டாலே ஆகாது என்பது நினைவுக்கு வந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும் அந்த ஆட்களை. நீங்கள் வாழைப்பழத்தை உரித்து வாயருகே கொண்டுபோகும்போது, தாவரவியல்படி அது பெர்ரி வகை என்று சொல்லிவிட்டு, நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பழம் தொண்டையில் இறங்காது.

2

[தொடக்கம் ஒன்று] மனித மூளை என்பது ஒரு அற்புதமான

(இல்லை. இந்த வாக்கியத்தை நானே படிக்க மாட்டேன்.)

[தொடக்கம் இரண்டு] வியாழக்கிழமை மாலை அந்த மாடிப்படியில் ஏறிய அத்தனை பேருக்கும், தங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத் தவிர, உலகத்தில் மற்றதெல்லாம் தெரிந்திருந்தது.

(இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆசிரியைக்குப் பிடிக்காது. மாத்திரைக் கம்பெனிக்கு அறவே பிடிக்காது. அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.)

[தொடக்கம் மூன்று] அவளுக்குத் தன் கணவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

இதையே வைத்துக்கொள்வோம்.

3

அவளுக்குத் தன் கணவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்து கடிகாரத்தை முறைப்பவர்களின் கையில் ஊசி குத்துவதில் ஆரம்பித்து, இப்போது மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள். ஆனாலும் நரம்பு தட்டுப்படாத கைகளை மற்றவர்கள் இன்னமும் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். நிறுவனம் கடற்கரை நகரம் ஒன்றில் புதிய கிளை திறக்கிறது. ஒரு ராத்திரி ரயில் பயணம். அந்தக் கிளைக்கு நீதான் தலைமை என்று மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இப்படி ஒரு வார்த்தைக்காக அவள் பல வருடங்கள் காத்திருந்தாள். இதை விட்டால் இன்னொன்று வராது என்பதும் அவளுக்குத் தெரியும்.

கேள்வி இவ்வளவுதான்: நீங்களும் வருகிறீர்களா?

கணவன் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிப்பவன். முன்பு அவனுக்கே சொந்தமாக ஒரு கடை இருந்தது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வந்தவர்கள் கடையை இடித்தார்கள். அதன்பிறகு அவன் இன்னொருவர் கடையில் சம்பளத்துக்குப் போனான். போய்விட்டு வந்து, அணைந்து கிடக்கும் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்துகொள்வான். ‘போட்டுவிடவா’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்பான். இப்படியே மாதக்கணக்கில் ஓடியது. அவள் பயந்துபோனாள். பரிசோதனைக் கூடத்து லிஃப்டில் யாரோ ஒட்டியிருந்த ‘வினாடி வினா மன்றம், அனைவரும் வருக’ என்ற தாளைப் பார்த்து, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார வைத்தவள் அவள்தான்.

அன்று யாரோ ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேட்டார்கள். அவன் வாயிலிருந்து, அவனுக்கே தெரியாமல், “மூணு” என்று வந்தது. பள்ளிக்கூடத்தில் என்றோ படித்தது. அவ்வளவு காலம் எந்த மூலையில் கிடந்ததோ, யாருக்கும் எதற்கும் உதவாமல் கிடந்து, கேட்டவுடன் எழுந்து வந்துவிட்டது. அவன் சிரித்தான். கடை இடிந்த பிறகு அவன் சிரித்தது அன்றுதான். வீடு திரும்பும்போது ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் மனிதன் கழுத்திலும் ஒரே எண்ணிக்கையில்தான் எலும்பு என்று தெருவை மறித்து நின்றுகொண்டு அவளுக்கு விளக்கினான். அவளுக்கு அழுகை வந்தது.

(இந்த இடத்தைக் கிண்டல் செய்ய மூன்று வரி எழுதிப் பார்த்தேன். வரவில்லை. ஆசிரியை அவர்களே, ‘மன அமைதி’ இங்கே வந்துவிட்டது. குறித்துக்கொள்ளுங்கள்.)*

* இவர்களுக்கு மகள் ஒருத்தி உண்டு. கல்லூரி விடுதியில் இருக்கிறாள். கதைக்குள் வரமாட்டாள். வந்தால் “அப்பா, அம்மா ஏதோ கேக்கறாங்க பாருங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். எனக்கு வலதுபக்கம் முழுவதும் நிரப்பியாக வேண்டும்.

4

மன்றம் கூடுவது ஒரு மரச்சாமான் கடையின் மாடியில். கடைக்காரர்தான் மன்றத் தலைவர். உறுப்பினர்கள் விற்காத சோஃபாக்களில் உட்காரலாம். மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது. அதனால் யார் அசைந்தாலும் கரகரவென்று சத்தம் வரும். அணிக்கு ஒரு மேஜை மணி. விடுதி வரவேற்பில் இருக்குமே, உள்ளங்கையால் தட்டுகிற மணி, அது.

விதி எளிது. கேள்வியை முழுவதும் கேட்டுவிட்டு மணி அடித்துச் சரியாகச் சொன்னால் பத்துப் புள்ளி. கேள்வி முடியும் முன்பே, பாதியில் அடித்துச் சரியாகச் சொன்னால் இருபது. மணி அடித்த நொடியில் வாசிப்பவர் நிறுத்திவிட வேண்டும். சொன்னது தவறென்றால், அதே கேள்வி எதிர் அணிக்கு முழுமையாக வாசிக்கப்படும்.

யோசித்துப் பாருங்கள். முழுதாகக் கேட்பவனுக்குப் பத்து, கேட்காதவனுக்கு இருபது. இப்படி ஒரு விதியைப் போட்டுவிட்டு, இது பொறுமையை வளர்க்கும் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்.

அவன் பாதியில் அடிப்பதில் மன்னன். மன்றத்தில் அவனுக்கு ‘மின்னல்’ என்றே பெயர். நாமும் இனி அப்படியே கூப்பிடுவோம். ‘உலகிலேயே மிகச் சிறிய’ என்ற இடத்தில் எல்லோரும் காத்திருப்பார்கள். அடுத்து வருவது நாடாக இருக்கலாம், எலும்பாக இருக்கலாம், பறவையாக இருக்கலாம். மின்னல் காத்திருக்க மாட்டான். வாசிப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். உதடு மூடினால் பறவை. நாக்கு மேலே போனால் நாடு. சத்தம் வெளியே வருவதற்குள் மணி ஒலித்துவிடும்.

இந்தப் பழக்கத்தை அவன் மாடிப்படியிலேயே செருப்போடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தான். அவள் பேச ஆரம்பித்தால் அவள் உதடுகளையே பார்ப்பான். கல்யாணமான புதிதிலும் அவன் அப்படிப் பார்த்ததுண்டு. அப்போது காரணம் வேறு.

5

முதல் முயற்சி, காலை நேரம், சமையலறை.

“ஏங்க, எங்க லேப்ல ஒரு”

“ஃப்ரிட்ஜ் மறுபடியும் ரிப்பேரா? போன தடவையும் இதே மாசம்தான் ஆச்சு. வெயில்ல கம்ப்ரஸர் திணறும்.”

அவள் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

இரண்டாவது முயற்சி, மாடியில் துணி எடுக்கும்போது.

“நாம வேற ஊருக்கு”

“போறோம். லீவு சொல்லிட்டேன். நீதான் இன்னும் சொல்லல.”

இதில் பாதி சரி என்பதுதான் கொடுமை. விடுமுறைக்கு எங்காவது போகலாம் என்று அவள் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்தான். (ஞாபகசக்தி வந்துவிட்டது. இரண்டு முடிந்தது.)

மூன்றாவது முயற்சி, சாப்பிட உட்கார்ந்தபோது. இந்தமுறை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு வந்தாள்.

“நான் இல்லாம நீங்க”

“சமைச்சுக்குவேன். முட்டை இருக்குல்ல. முட்டை ஓடு எதனால ஆனது தெரியுமா?”

“தெரியாது,” என்றாள் அவள்.

“கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கட்டியும் அதேதான்.” அவன் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தைக் காப்பாற்றத்தான் ஒருநாள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இப்போது அதே முகத்தில் ஒரு அறை விட வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. எழுந்து தட்டைக் கழுவினாள். ஆத்திரம் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குப் பின்னாலேயே நிம்மதியும்

[‘நிம்மதியும்’ என்ற சொல்லை அடித்துவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கை தவறியிருக்கும்.]

அன்று மாலை அவள் தன் தம்பிக்குப் போன் செய்தாள். தம்பியும் மன்றத்தில் இருக்கிறான், மின்னலின் அணியில், மின்னலுக்குப் பக்கத்துச் சோஃபாவில். வேலை விஷயம் குடும்பத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

“இன்னுமா மாமாகிட்ட சொல்லல? நான் சொல்லவா?”

“நீ வாயத் திறக்காத. நான்தான் கேக்கணும்.”

“சீக்கிரம் கேளு அக்கா. அவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு எனக்கு எச்சில் முழுங்க முடியல.”

6

இதுவரை எழுதியதை ஆசிரியைக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“சார், பொறுமை எங்க? ஒற்றுமை எங்க?”

“வரும் மேடம்.”

“சரி, அத விடுங்க. எனக்கு ஒண்ணு புரியல. அந்தம்மா ஏன் இப்படி வாயை மூடிக்கிட்டுப் போகுது? அவர் குறுக்க பேசினா, ‘நிறுத்துய்யா, நான் சொல்றதக் கேளு’ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஊரார் கையில எல்லாம் ஊசி குத்தற பொம்பள. வீட்டுல ஒரு வாக்கியத்த முடிக்கத் தெரியாதா?”

“அவ கொஞ்சம் சாது.”

“சாதுவா? நரம்பு கிடைக்கலன்னு இன்னொரு தடவ குத்தறவ சாதுவா? சார், நான் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அவருக்கு வரணும்னு இருக்கான்னு இவ்வளவு எழுதறீங்க. அவளுக்கு அவர் வரணும்னு இருக்கா?”

நலவாழ்வு இதழ் நடத்துகிறவருக்கு இவ்வளவு தூரம் பார்க்கத் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏதோ சப்பைக்கட்டுக் கட்டிவிட்டு போனை வைத்தேன். ஐந்தாம் பகுதிக்குத் திரும்பிப் போனேன். அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி வைத்து, ‘இருக்கட்டும்’ என்று ஓரத்தில் எழுதினேன்.

ஆமாம், நிம்மதி. அவன் ஒவ்வொரு முறை குறுக்கே விழுந்தபோதும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. கேள்வி இன்னும் ஒருநாள் தள்ளிப்போயிற்று என்று ஒரு நிம்மதியும் வந்தது. ராத்திரியில் அவள் அந்தக் கடற்கரை நகரத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்பாள். அந்த வீட்டில் சில நாள் அவன் இருந்தான். சில நாள் இல்லை. அவன் இல்லாத வீடு அமைதியாக இருந்தது. அது தனக்குப் பிடித்திருந்ததா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

7

புதன்கிழமை, வேலை முடிந்து, அவள் அவனுடைய கடைக்குப் போனாள். வீட்டில்தான் அவன் கையருகே கண்ணுக்குத் தெரியாத மணி இருக்கிறது, கடையில் வாடிக்கையாளர் முன்னால் ஒழுங்காகத்தானே இருப்பான், அங்கேயே கேட்டுவிடலாம் என்று கணக்கு.

பரிசோதனை அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பெரியவர், மூக்கின்மேல் கனத்த இரும்புச் சட்டத்தோடு. மின்னல் அதில் ஒரு கண்ணாடி வில்லையைச் செருகினான், எடுத்தான், இன்னொன்றைச் செருகினான்.

“இதுல தெளிவா தெரியுதா, முன்ன போட்டதுலயா?”

பெரியவர் யோசித்தார். தலையைச் சாய்த்தார். “இதுல… இல்ல… கொஞ்சம் இருங்க.”

“அவசரமே இல்ல. மறுபடி போடறேன். இது? இல்ல, இது?”

“ரெண்டும் ஒண்ணு மாதிரிதான்… அந்த மூணாவது எழுத்து மட்டும்…”

“மூணாவது எழுத்து?”

“அதுதான் சொல்ல வரல.”

“மெதுவா சொல்லுங்க. உங்க கண்ணுல என்ன தெரியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னாத்தான் உண்டு.”

கதவருகே நின்றவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரோ ஒரு மனிதர் ‘இதுவா அதுவா’ என்று தடுமாறி முடிக்கும்வரை, கையில் வில்லையோடு, குனிந்து, காத்துக்கொண்டிருக்கிறான். குரலில் ஒரு துளி அவசரம் இல்லை. காத்திருக்கத் தெரியாதவன் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் மன்னித்தாள். தெரிந்தவனா இவன்?

அவனுக்குத் தான் வந்தது தெரிய வேண்டாம் என்று திரும்பி நடந்தாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அவளுக்கு விஷயம் புரிந்தது. அந்தப் பெரியவருக்கு என்ன தெரிகிறது என்பது தனக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரியும். மனைவி விஷயத்தில் அந்தச் சந்தேகமே அவனுக்கு வந்ததில்லை. மனைவி என்பவள் அவனுக்கு ஏற்கெனவே படித்து முடித்த பாடம்.

8

பொறுமை என்னும் பண்பை வளர்ப்பதில் பொது அறிவுப் போட்டிகளின் பங்கு குறித்துப் பல ஆய்வுகள்

(இந்தப் பகுதியைக் கைவிடுகிறேன். ஆசிரியை விடாப்பிடியாகக் கேட்டதால் தொடங்கிப் பார்த்தேன்.)

 ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இதை எழுதுவதற்காக ஒரு வாரம் துணுக்குகளாகப் படித்தேன். வெள்ளிக் கிரகத்தில் ஒரு சுழற்சி முடிவதற்குள் அங்கே ஒரு வருடமே முடிந்துவிடும் என்பதைப் படித்தபோது எழுந்து அறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்தது. பால்காரர் வந்தார். அவரிடம் சொன்னேன். அவர் பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

9

வியாழக்கிழமை. வெள்ளிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

மன்றத்தில் ‘குடும்ப வாரம்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. உறுப்பினர்களின் வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று புகார் அதிகமானபோது, தலைவர் கண்டுபிடித்த சமாதானம் இது. மாதத்தில் ஒரு வாரம் யாராவது ஒருவரின் மனைவியோ கணவனோ வந்து கேள்விகளை வாசிக்கலாம். கேள்விகளைத் தலைவரே தயாரித்துத் தருவார். வாசிப்பவர் வாசிக்க மட்டும் வேண்டும். இப்படி, குடும்பத்தாரையும் ஒரு ஒலிபெருக்கியாக்கி உட்கார வைத்துவிட்டார்கள். (குடும்ப ஒற்றுமை. மூன்று.)

அந்த வாரம் அவள் முறை.

எதிர் அணியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவரும், மருந்துக்கடை அக்காவும். இந்தப் பக்கம் மின்னலும் தம்பியும். அவள் வாசித்தாள். மின்னல் பாதியில் அடித்தான், சரியாகச் சொன்னான், பிளாஸ்டிக் கரகரத்தது. ஓட்டுநர் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் காலால் தரையை அழுத்தினார். பழக்கதோஷம், பிரேக் அங்கே இருப்பதாக நினைப்பு. தாளில் கேள்விகள் தீர்ந்தன. கடைசிக் கேள்வி என்று தலைவர் நினைத்ததை அவள் வாசித்து முடித்த பிறகு, தாளை மடியில் வைத்தாள்.

“இன்னும் ஒண்ணு இருக்கு,” என்றாள்.

தம்பிக்கு முகத்தில் ஈயாடவில்லை. “மாமா, கைய எடுங்க,” என்று மெல்லச் சொன்னான்.

“ஏன்டா?”

“சும்மா எடுங்க மாமா.”

மின்னல் எடுக்கவில்லை. அவள் உதடுகளைப் பார்த்தான். அவள், இதுவரை வாசித்த அதே வாசிப்புக் குரலில், அதே தமிழில் ஆரம்பித்தாள்:

“கடற்கரை நகரம் ஒன்றில் புதிதாகத் திறக்கப்படும்”

டிங்.

“துறைமுகம்,” என்றான் மின்னல்.

“தவறு,” என்றாள் அவள். “எதிர் அணிக்கு முழுக் கேள்வியையும் வாசிக்கிறேன்.”

மின்னல் உதட்டைப் பிதுக்கிவிட்டு, தோற்றவன் சாய்வதுபோல சோஃபாவில் சாய்ந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மருந்துக்கடை அக்காவின் மூக்குத்திக்கு நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“கடற்கரை நகரம் ஒன்றில் புதிதாகத் திறக்கப்படும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை ஏற்க ஒருத்தியை அழைத்திருக்கிறார்கள். அவளுக்குப் போக ஆசை. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய கணவன் அவளோடு போவானா, போக மாட்டானா?”

அறையில் ஒரு சோஃபாவும் கரகரக்கவில்லை.

முதலில் வாயைத் திறந்தவர் ஓட்டுநர் ஆசிரியர். “இது நடப்பு நிகழ்வா, பொது அறிவா?”

“அண்ணே, சும்மா இருங்க,” என்றார் மருந்துக்கடை அக்கா. அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

“இல்லம்மா, நம்ம முறை. சொல்லலன்னா போயிடும்.” ஓட்டுநர் ஆசிரியர் தீவிரமாக யோசித்துவிட்டு மின்னலை ஒருமுறை பார்த்தார். “போக மாட்டான். அந்த ஆளுக்கு இங்க வியாழக்கிழமை இருக்கு. அத விட்டுட்டு எங்க போவான்? இதுதான் எங்க இறுதி விடை.”

தலைவர் அவளிடம் திரும்பினார். “சரியா, தவறாம்மா?”

“தெரியாது.”

“தெரியாதுன்னா?”

“விடை எனக்குத் தெரியாது. அதனாலதான் கேக்கறேன்.”

தலைவர் தர்மசங்கடத்தில் நெளிந்தார். “விடை தெரியாம கேள்வி கேக்கக் கூடாதும்மா இங்க. அப்புறம் புள்ளி எப்படிப் போடறது?”

“அப்ப எங்க பத்து?” என்றார் ஓட்டுநர் ஆசிரியர். மருந்துக்கடை அக்கா அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

10

இங்கே ஒரு முடிவு வேண்டும். என்னிடம் மூன்று இருக்கின்றன.

[முடிவு ஒன்று: ஆசிரியைக்கு.] மின்னல் கண் கலங்கி எழுந்து வருகிறான். இருவரும் கடற்கரை நகரத்துக்குக் குடிபோகிறார்கள். அங்கேயும் ஒரு மன்றம் ஆரம்பிக்கிறான். முதியவர்கள் பலர் சேர்ந்து ஞாபகசக்தி பெறுகிறார்கள். எதிர்ப்பக்கத்து மாத்திரையைப் பார்த்தபடி எல்லோரும் புன்னகைக்கிறார்கள். இதை எழுதித் தர எனக்குக் கால் மணி நேரம் போதும். பணமும் உடனே வரும்.

[முடிவு இரண்டு: மன்றத்துக்கு.] விதிப்படி அந்தக் கேள்வி செல்லாது என்று மின்னல் முறையிடுகிறான். தலைவர் ஏற்றுக்கொள்கிறார். புள்ளிகள் திருத்தப்படுகின்றன. மின்னல் அணி வெற்றி. அவள் தனியாக ரயில் ஏறுகிறாள். இதைப் படித்துவிட்டு ‘ஆண்களே இப்படித்தான்’ என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி. ஆனால் அவன் அப்படிப்பட்டவன் இல்லை. ஏழாம் பகுதியில் நானே பார்த்தேன்.

[முடிவு மூன்று: எனக்கே பிடித்துத் தொலைத்தது.] மின்னல் துள்ளி எழுந்து, “வர்றேன்” என்கிறான். சட்டென்று, தயக்கமே இல்லாமல், அறை முழுக்க நிமிர்ந்து பார்க்க. இதை எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. மறுநாள் காலையில் திரும்பப் படித்தேன். அந்த அவசரத்தைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. அதுவும் பாதியில் அடித்த மணிதான். அவள் கேட்டதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது; அதைக் கேட்காமலே பதில் சொல்கிறான். அவனுக்கு இருபது புள்ளி கிடைக்கும், அவளுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கிழித்துவிட்டேன்.

ஆசிரியை கூப்பிட்டார். நாளை அச்சுக்குப் போகிறதாம்.

“எந்த முடிவு வச்சிருக்கீங்க?”

“மூணும் சரியில்ல மேடம்.”

“ஒண்ணாவது நல்லாத்தானே இருக்கு?”

“அந்தம்மாவுக்கு அவர் வரணும்னு இருக்கான்னு நீங்க கேட்டீங்களே. அதுக்கு இன்னும் விடை வரல.”

“அத நான் சும்மா கேட்டேன் சார்,” என்றார். குரல் பழைய குரலாக இல்லை. “பக்கத்துக்கு எவ்வளவு வருதோ அனுப்புங்க. மிச்சத்துக்கு ஒரு படம் போட்டுக்கறேன்.”

11

மின்னல் எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைத் தம்பியின் பக்கம் தள்ளிவைத்தான். தம்பி அதை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்தான்; நுழையவில்லை.

“இத எப்பலேர்ந்து கேக்கணும்னு இருந்த?” என்றான் மின்னல்.

“கொஞ்ச நாளா.”

“நான் விடலையா?”

அவள் மடியிலிருந்த தாளை இரண்டாக மடித்தாள். அவன் விடவில்லை என்பது உண்மை. தானும் கேட்காமல் விட்டுவிட்டோம் என்பதும் உண்மை. இரண்டில் எதைச் சொன்னாலும் மற்றது பொய்யாகும்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உதடுகளை மட்டும் பார்க்காமல் முகம் முழுவதையும். இந்தப் பெண் தன்னிடம் என்ன சொல்வாள் என்பது தனக்குத் தெரியாது என்ற விஷயம் அவனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் பயம் இருந்தது. அணைந்து கிடந்த தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருந்த நாட்களில்கூட அந்தப் பயத்தை அவள் பார்த்ததில்லை.

“நான் போவேனா மாட்டேனான்னு எல்லாரையும் கேட்டுட்ட,” என்றான். “நான் ஒண்ணு கேக்கறேன். நான் வரணும்னு உனக்கு இருக்கா?”

ஓட்டுநர் ஆசிரியர் வாயைத் திறந்தார். மருந்துக்கடை அக்கா அந்த வாயைக் கையால் பொத்தினார்.

யாரும் இதை அவளிடம் கேட்டதில்லை. அவளே கேட்டுக்கொண்டதில்லை. ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும், அது நல்ல மனைவியின் விடை. இல்லை என்று சொல்லவும் ஒரு நொடி போதும், அது இத்தனை நாள் ஆத்திரத்தின் விடை. இரண்டுமே நாக்கு நுனியில் தயாராக நின்றன. இரண்டையும் அவள் விழுங்கினாள். யாருக்கும் தெரியாத, தனக்கே தெரியாத மூன்றாவதாக ஒன்று அடியிலிருந்து மெல்ல எழுந்து வந்துகொண்டிருந்தது. அவள் அதற்காகக் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான்.

“நீங்க வர்றது,” என்று ஆரம்பித்தாள்.

வாசகரே, அந்த அறையில் யாரும் மணி அடிக்கவில்லை. அடித்தவர் நீங்கள் ஒருவர்தான். ‘எனக்கும் வேணும்’ என்றோ, ‘வேண்டாம்’ என்றோ அவள் வாக்கியத்தை நீங்கள் இதற்குள் முடித்துவிட்டீர்கள். கையை எடுங்கள். அவள் சொல்லி முடிக்கட்டும்.